மெய்யமும் அறிவர் கோயிலும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் இரண்டு குன்றுகள் உள்ளன. ஒன்று தன் ஊர்ப்பெயரிலேயே மெய்யை வைத்திருக்கிறது. இன்று திருமயம் என்று எழுதப்படும் திருமெய்யம் அது. மற்றொன்று சித்தன்னவாசல். அங்குள்ள குடைவரையைக் கல்வெட்டு ‘அறிவர் கோயில்’ என்கிறது. அறிவர் என்றால் முற்றும் அறிந்தவர், அருகர். முழுமையான உண்மை என ஒன்று உண்டா, உண்டெனில் மனிதனால் அதை அறிய முடியுமா என்னும் பழைய வினாவை நூல்களில் மட்டும் தேடாமல், இந்த இரண்டு குன்றுகளிலும் தேடிப் பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றியது. தத்துவத்தை ஓர் ஊரின் கல்லில் உரசிப் பார்ப்பது இலக்கிய வாசகருக்கும் புதிதல்ல.

முதலில் திருமெய்யம். அங்கே ஒரே பாறையில் அடுத்தடுத்து இரண்டு குடைவரைகள். ஒன்றில் சிவன், மற்றொன்றில் பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள். சிவனுக்குப் பெயர் சத்தியகிரீசுவரர். பெருமாளுக்குப் பெயர் சத்தியமூர்த்தி. இருவர் பெயரிலும் சத்தியம். இருவருக்கும் இடம் ஒரே மலை. எனினும் அவர்களைச் சார்ந்த மக்களுக்குள் நெடுங்காலம் வழக்கிருந்தது. நிலமும் வருவாயும் யாருக்கு எவ்வளவு என்னும் அந்தப் பூசல் கி.பி. 1245-இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கன் முன்னிலையில் பேசி முடிக்கப்பட்டது. முடிவைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த உடன்பாட்டில் நம்மைக் கவர்வது அது பேசாமல் விட்ட ஒன்றே. முழுமுதல் யார் என்னும் கேள்விக்குள் அது போகவில்லை. நிலத்தைப் பங்கிடலாம், நெல்லை அளக்கலாம்; மெய்யைப் பங்கிட முடியாது என்று அன்று அங்குக் கூடியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிவன் குடைவரைக்குள் லிங்கத்திற்கு எதிர்ச்சுவரில் லிங்கோத்பவர் சிற்பம் இருக்கிறது. கதை நமக்குத் தெரிந்ததுதான். அடியும் முடியும் காணமுடியாத தீத்தூணாகச் சிவன் நிற்க, திருமால் பன்றியாகி அடியையும் பிரமன் அன்னமாகி முடியையும் தேடிச் செல்கின்றனர். திருமால் காணவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிரமன் தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கி, கண்டேன் என்கிறார். இது சைவர் சொல்லும் கதை. பக்கத்துக் குடைவரையின் அடியார்களுக்கு அது இனிக்காது என்பது வேறு செய்தி. இருப்பினும் கதை எங்கே தண்டனை வைக்கிறது என்று கவனிக்க வேண்டும். காணாமற் போனது குற்றமாகவில்லை. காணாததைக் கண்டதாகச் சொன்னதுதான் குற்றமானது. தூண் இருந்தது என்பதில் கதைக்கு ஐயமே இல்லை. உண்மை உண்டு, தேடியவர் அறிந்தது கொஞ்சம். இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் ஒப்புக்கொள்வது கடினம் என்பதால்தான் பிரமனுக்குத் தாழம்பூ தேவைப்பட்டது.

இந்தக் கடினமான நிலையை ஒரு முறையான தருக்கமாகவே வளர்த்தெடுத்தவர்கள் சமணர். அவர்கள் தங்கிய மலைதான் புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசல். மலையின் மேலே கிழக்குப் பக்கத்தில் ஏழடிப்பட்டம் எனப்படும் இயற்கைக் குகைத்தளம் உள்ளது. பாறையைச் சமன்படுத்திச் செதுக்கிய 17 படுக்கைகள் அங்கே உண்டு. அவற்றுள் பெரியதில் தமிழ்ப் பிராமி எழுத்துக் கல்வெட்டு ஒன்றைக் காணலாம். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்காகச் சிறுபோசில் இளையர் என்பார் செய்தளித்த இருக்கை இது என்பது அதன் பொருள். எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கன்னட நிலத்திலிருந்து ஒருவர் இத்தனை தொலைவு நடந்துவந்து, வெயிலில் காயும் இந்தப் பாறையில் படுத்திருக்கிறார். எதை அறிய வந்தார் என்று கல்வெட்டு சொல்லவில்லை.

அந்தக் கல்வெட்டைப் படித்த வரலாறே ஒரு பாடம். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் எழுத்து அசோகரின் பிராமியை ஒத்திருந்ததால் மொழியும் பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று தொடக்கத்தில் பலர் எண்ணினர். 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழே என்று எடுத்துக் காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவனின் நெடுங்கால உழைப்பு அந்த வழியை உறுதியாக்கியது. கல் மாறவில்லை, கீறல்களும் மாறவில்லை. அவற்றைப் பார்த்த கண் எந்த மொழியை எதிர்பார்த்து நின்றதோ அந்த மொழியே முதலில் தெரிந்தது.

சமணர் இதற்கு ‘நயம்’ என்று பெயர் வைத்தனர். பார்க்கும் கோணம் என்று பொருள் கொள்ளலாம். ஒரு பொருளுக்கு எண்ணற்ற தன்மைகள் உண்டு. கேவல ஞானம் பெற்ற அறிவர் அவை அனைத்தையும் ஒருசேர, நேரடியாக அறிகிறார். ஏனையோர் ஏதேனும் ஒரு கோணத்திலிருந்தே அறிகிறோம். ஆகவே நாம் சொல்லும் ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னால் ‘ஸ்யாத்’ என்னும் சொல் இருக்க வேண்டும். அதைப் பலர் ‘ஒருவேளை’ என்று மொழிபெயர்த்துவிட்டனர். அது பிழை. ‘இந்தக் கோணத்தில் நின்று பார்க்கையில்’ என்பதே அதன் பொருள். ‘ஒருவேளை’ என்பது ஐயம். ‘இந்தக் கோணத்தில்’ என்பது எல்லையுடன் கூடிய உறுதி. உண்டு, இல்லை, உண்டும் இல்லையும், சொல்லொணாதது என்று தொடங்கி ஏழு வகையாகக் கூற்றுகளை அவர்கள் வகுத்தது இந்த எல்லையைக் குறிப்பதற்காகவே.

இன்று அநேகாந்தவாதம் என்றதும், ‘அவரவர் உண்மை அவரவர்க்கு’ என்னும் இனிய சமரசமாகவே பலரும் புரிந்துகொள்கிறோம். தமிழ்ச் சமணர் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. அதற்கு ‘நீலகேசி’யே சான்று. அதன் நாயகி ஊர் ஊராகச் சென்று பௌத்தரோடும் ஆசீவகரோடும் சாங்கியரோடும் வைசேடிகரோடும் வேதவாதியரோடும் பூதவாதியரோடும் வாதிட்டு அவர்கள் கொள்கைகளை மறுக்கிறாள். எல்லாமே உண்மை என்றால் அவளுக்கு அத்தனை பயணம் எதற்கு? ஒரு கோணத்தின் உண்மையை முழு உண்மை என்று நிறுவ முயலும் இடத்தில்தான் அவளது மறுப்பு தொடங்குகிறது.

யானை கண்ட குருடர் கதையும் இப்படித்தான். பௌத்தரும் சமணரும் சொன்ன கதை இது. ஒருவன் உலக்கை என்கிறான், ஒருவன் முறம் என்கிறான், ஒருவன் தூண் என்கிறான். எல்லாருடைய கருத்தும் ஓரளவே சரி என்று முடித்துவிட்டுப் புன்னகை செய்கிறோம். ஆனால் இதைக் கதையாகச் சொல்பவருக்கு யானை முழுதாகத் தெரிந்திருக்கிறது. அவர் கண்ணுள்ளவர். முழு யானை என ஒன்று இல்லையென்றால், குருடர்கள் கண்டது பகுதி என்று சொல்லவே வழியில்லை. பகுதி என்னும் சொல்லே முழுமையை ஏற்றுக்கொண்டுதான் பிறக்கிறது. முழு உண்மை என ஒன்று இல்லவே இல்லை என்பவர், தாம் நிற்கும் கிளையையே வெட்டுகிறார். அந்தக் கூற்றையாவது அவர் முழு உண்மையாகச் சொல்லியாக வேண்டும் அல்லவா?

இனி மலையின் மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயிலுக்கு வருவோம். சிறிய குடைவரைதான். முன்னறையில் பார்சுவநாதர் உருவமும் ஆசாரியர் ஒருவரின் உருவமும் எதிரெதிரே உள்ளன. விதானத்தில் புகழ்பெற்ற தாமரைப் பொய்கை. மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், அவற்றிடையே மலர் கொய்யும் மூவர். தூண்களில் ஆடல் மகளிர் இருவர். இன்னொரு பக்கம் முடி சூடிய அரசன் ஒருவனும் துணைவியும். இந்த ஓவியங்கள் யார் காலத்தவை?

1916-இல் தமது புதுக்கோட்டை வரலாற்று நூலில் எஸ். இராதாகிருஷ்ண ஐயர் இவ்விடத்தைக் குறிப்பிட்டார். து.அ. கோபிநாத ராவ் ஓவியத் தடயங்களைக் கவனித்தார். 1920-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் இவற்றை உலகறியச் செய்தபோது இவை பல்லவ ஓவியங்கள் ஆயின. குடைவரை அமைப்பு முதலாம் மகேந்திரவர்மனை நினைவூட்டியது. அவன் முதலில் சமணனாக இருந்து பின்பு சைவனானவன் என்னும் மரபுச் செய்தியும் பொருந்தி வந்தது. தூணிலுள்ள முடி சூடிய அரசன் மகேந்திரனே என்றனர். அழகான, முழுமையான கதை. 7-ஆம் நூற்றாண்டுக் கலைஞன் மன்னனே இங்கு வந்து நிற்பதுபோல் இருந்தது.

பிறகு முகப்பின் அருகே பாறையில் உள்ள தமிழ்ப் பாடற் கல்வெட்டு படிக்கப்பட்டது. அவனிபசேகரன் என்னும் பட்டமுடைய ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்த அறிவர் கோயிலின் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தையும் எடுப்பித்தார் என்று அது சொன்னது. அந்த மன்னன் கி.பி. 815 முதல் 862 வரை ஆண்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன். கதை இருநூறு ஆண்டுகள் நகர்ந்தது. தூணிலுள்ள அரசன் இப்போது ஸ்ரீமாறன் ஆனான். ஓவியத்து முகத்தில் ஒரு கோடும் மாறவில்லை; பெயர் மட்டும் மாறியது.

அதோடும் முடியவில்லை. ஓவியங்களைத் தூய்மை செய்து ஆராய்ந்தபோது, கருவறை விதானத்தின் கம்பளம் போன்ற அலங்காரப் பகுதியில் பழையதும் புதியதுமாக இரண்டு படலங்கள் உள்ளதாக அறிஞர் கண்டனர். புதுப்பித்தார் என்று கல்வெட்டே சொல்வதால், புதுப்பிக்கப்படுவதற்கு முன்பே கோயில் இருந்தது என்பதும் தெளிவு. எனவே குடைவரை முந்தையது. நாம் காணும் ஓவியங்களிற் பெரும்பாலானவை 9-ஆம் நூற்றாண்டின் புதுப்பிப்பைச் சார்ந்தவை என்று இன்று கொள்ளப்படுகிறது. ‘சித்தன்னவாசல் 7-ஆம் நூற்றாண்டினது’ என்பது குடைந்த பாறையின் கோணத்தில் நிற்கக்கூடும். ‘9-ஆம் நூற்றாண்டினது’ என்பது தாமரைக் குளத்தின் கோணத்தில் நிற்கும். ஸ்யாத் என்பதன் பயன் இங்கே கைமேல் கிடைக்கிறது.

ஆனால் ‘தூணில் நிற்பவன் மகேந்திரன்’ என்னும் கூற்றுக்கு அந்தச் சலுகையை நீட்ட முடியாது. அதுவும் ஒரு கோணத்தில் உண்மை என்று பெருந்தன்மையாகச் சொல்வது அறிவு நேர்மைக்கு ஒவ்வாது. சான்று அதைக் கைவிட்டுவிட்டது. பகுதியாக இருக்கும் உண்மையும் தவறாகிப் போன கூற்றும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டால் அநேகாந்தம் என்பது சோம்பலுக்குச் சூட்டிய வடமொழிப் பெயராகிவிடும். அதே வேளை 1920-இன் அறிஞர்களை நாம் எள்ளி நகையாடவும் முடியாது. நாளை இன்னொரு கல்வெட்டு கிடைத்தால் ஸ்ரீமாறனின் பெயரும் அந்த முகத்திலிருந்து விலகலாம்.

இம்மாவட்டத்தில் இது தனித்த நிகழ்ச்சியும் அன்று. நார்த்தாமலையின் மேலமலையில் உள்ள அழகிய கற்றளிக்கு விசயாலய சோழீச்சுரம் என்று பெயர். பெயரைக் கேட்டதும் சோழன் விசயாலயன் கட்டியதாக மனம் எழுதிக்கொள்கிறது. அங்குள்ள கல்வெட்டோ, சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் கட்டிய கற்றளி மழையால் இடிந்தபோது மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான் என்கிறது. அதற்கு எதிரே உள்ள குடைவரையினுள்ளே சுவர் நெடுகத் திருமாலின் நின்ற திருவுருவங்கள் பன்னிரண்டு இருக்கின்றன. ஊரார் அதை அழைக்கும் பெயர் ‘சமணர் குடகு’. முதற்கோயிலில் பெயர் சொல்வதைக் கல்வெட்டு திருத்துகிறது. இரண்டாவதில் சிற்பம் சொல்லாமல் விட்டதைப் பெயர் காப்பாற்றி வைத்திருக்கிறது. எந்தச் சான்று எப்போதும் மேலானது என்று முன்கூட்டியே சட்டம் போட முடியாது. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பழம்பொருள் ஆய்வாளரின் கவலை, நமக்கென்ன என்று ஒருவர் கேட்கலாம். நமக்கும் உண்டு. திருஞானசம்பந்தரோடு வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் மதுரையில் கழுவேறினர் என்னும் செய்தியை எடுத்துக்கொள்வோம். சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டினர். அவர் பதிகங்களில் சமணரைக் கண்டிக்கும் சொற்கள் ஏராளம். கழுவேற்றத்தின் விவரிப்பு இல்லை. நம்பியாண்டார் நம்பி குறிப்பிடுகிறார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துரைக்கிறார். நிகழ்ந்த காலத்துக் கல்வெட்டுச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. ஒரு சாரார் இதைச் சைவத்தின் கொடுமைக்கு ஐயமற்ற சான்றாக வைக்கின்றனர். மற்றொரு சாரார் வெறும் கற்பனை என்று தள்ளுகின்றனர். இரு தரப்புக்கும் கையில் ஒரு தாழம்பூ இருக்கிறது.

இங்கே அறிவர் கோயிலின் கல்வெட்டு அமைதியாக ஒரு செய்தியைச் சேர்க்கிறது. சம்பந்தர் காலத்திற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், பாண்டிய மன்னன் ஒருவன் காலத்தில், அதே மதுரையிலிருந்து ஒரு சமண ஆசிரியர் வந்து சமணக் கோயிலைப் புதுப்பிக்கிறார். சமணம் அன்று பாண்டிய நாட்டில் வேரோடு அழிந்துவிடவில்லை என்பது இதனால் உறுதி. எவரும் கொல்லப்படவே இல்லை என்பது இதனால் உறுதியாகாது. கல்வெட்டு கொடுப்பது அவ்வளவே. அதற்கு மேல் அதனிடமிருந்து பிடுங்குவது அறமாகாது. அக்கதையைக் கொண்டாடியவர்களின் மனநிலைக்குப் பெரியபுராணம் நல்ல சான்று. அந்த மனநிலை உண்மை. எண்ணிக்கை உண்மையா என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத சமூகம், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய வழக்கில் இன்றும் வாதியாகவும் பிரதிவாதியாகவும் நின்றுகொண்டிருக்கும்.

சமணக் கொள்கைக்கு எதிரான வலுவான தடையையும் மறைக்கக் கூடாது. ஒரே பொருளில் உண்மையும் இன்மையும் எப்படி ஒன்றாயிருக்கும், வெப்பமும் குளிர்ச்சியும் ஓரிடத்தில் நிற்குமா என்று சங்கரர் தமது பிரம்மசூத்திர பாடியத்தில் கேட்டார். ஒரே கோணத்தில் நிற்காது. கோணம் மாறினால் நிற்கும் என்பது சமணர் விடை. சித்தன்னவாசலின் இரண்டு படலங்களைக் கண்ட நமக்கு அந்த விடை பொருத்தமாகவே படுகிறது. அடுத்த தடை இன்னும் கடினமானது. முற்றும் அறிந்த அறிவர் ஒருவர் இருந்தார் என்பதை, பகுதியை மட்டுமே அறியும் நாம் எப்படி உறுதி செய்வது? சமந்தபத்திரர் ‘ஆப்தமீமாம்சை’யில் ஸ்யாத்வாதமும் கேவல ஞானமும் எல்லாப் பொருளையும் விளக்குவன, மறைமுகம் நேர்முகம் என்பதே வேறுபாடு என்னும் கருத்தை முன்வைக்கிறார். நம்பிக்கையுடையவருக்கு அது போதும். நமக்கு அந்த நேர்முக அறிவைச் சோதிக்க வழியில்லை. சமணரின் அளவுகோலையே கொண்டு சொன்னால், ‘அறிவர் இருந்தார்’ என்னும் கூற்றின் முன்னும் ஒரு ஸ்யாத் வைக்கத்தான் வேண்டும்.

ஆகவே நாம் வந்து சேர்ந்த இடம் இது. முழு உண்மை உண்டு. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட கை அந்த விதானத்தில் முதல் தாமரையைத் தீட்டியது. அந்தக் கைக்கு ஒரு பெயர் இருந்தது. நமக்குத் தெரியாததால் அது நடக்காமல் போய்விடவில்லை. அதை முழுதாக அறிவது நமக்கு வாய்க்கவில்லை, வாய்க்காமலும் போகலாம். ஆனால் நூறாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இன்று நாம் அதற்கு நெருக்கத்தில் இருக்கிறோம். எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பேசியவர்களும், சான்று வந்தபோது பழைய பெயரைக் கைவிட்டவர்களும் நம்மை அங்கே கொண்டுவந்து சேர்த்தனர். அணுகலாம் என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டியதில்லை.

ஒரு கவலை மட்டும் எஞ்சுகிறது. சான்றுகள் நமக்காகக் காத்திருப்பதில்லை. திருமெய்யத்துச் சிவன் குடைவரையில் பழைய இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. அதைச் செதுக்கி அழித்துவிட்டு மேலே பிற்காலக் கல்வெட்டை வெட்டியிருக்கின்றனர். இப்போது கிடைப்பவை சிதறிய சில சொற்களே. சித்தன்னவாசலில் தூணிலுள்ள ஆடல் மகளிரின் உருவங்கள் மங்கிக்கொண்டு வருகின்றன. துப்ரேய் பார்த்த அளவு நாம் பார்க்கவில்லை. நம் பிள்ளைகள் நாம் பார்த்த அளவு பார்க்கமாட்டார்கள். அறிவர் கோயிலுக்குச் செல்லும் நண்பர்கள் கருவறையில் நின்று ரீங்காரத்தைக் கேட்பதோடு திரும்பிவிட வேண்டாம். வெளியே வந்து, முகப்பின் அருகே பாறையில் வெயில் படும் அந்தக் கல்வெட்டின் முன்னும் சற்று நின்று பாருங்கள். மகேந்திரனை அங்கிருந்து இறங்கச் சொன்னவை அந்த எழுத்துகள்தாம்.